பூட்டினேன், ரீபூட் செய்தேன், திறந்து கிடந்தது: லினக்ஸ் தணிக்கைப் பூட்டு அனுபவம்

சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி, பராமரிப்புக்கென்று ஒதுக்கியிருந்த நேரம். டேட்டாபேஸ் சர்வரை ரீபூட் செய்தேன். அது திரும்பி எழுந்ததும் முதல் வேலையாக, தணிக்கை அமைப்பின் நிலையைக் காட்டும் ‘ஆடிட்சிடிஎல் -எஸ்’ கட்டளையை அடித்தேன். முதல் வரியில் ‘எனேபிள்டு 2’ என்று வந்திருக்க வேண்டும். வந்தது ‘எனேபிள்டு 1’. கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே சர்வரில் 2 என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். விதிக் கோப்புகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அப்புறம் பூட்டு எங்கே போயிற்று?

அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதில் மூன்று வாரம் ஓடிவிட்டது. வழியில் பார்த்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிற இன்னொருவருக்கு ஓர் இரவாவது மிச்சமாகட்டும்.

முதலில் இந்த 2 என்ன என்று சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கர்னலுக்குள், அதாவது இயக்க முறைமையின் மையத்துக்குள், ஒரு தணிக்கை அமைப்பு இருக்கிறது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார், எந்த சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) விடுத்தார், யாருடைய உரிமையோடு அழைத்தார் என்பதை, நாம் எழுதிக் கொடுக்கிற விதிகளின்படி அது பதிவு செய்யும். அதன் நிலை ஓர் எண்ணில் இருக்கிறது. 0 என்றால் அணைந்திருக்கிறது. 1 என்றால் ஓடுகிறது. 2 என்றால் ஓடுகிறது, அத்தோடு பூட்டியும் ஆயிற்று. 2-க்குப் போனபின் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரே வந்தாலும் விதியைச் சேர்க்க முடியாது, நீக்க முடியாது, தணிக்கையை அணைக்க முடியாது. பழையபடி மாற்ற ஒரே வழி ரீபூட்.

இது ஏன் வேண்டும்? சர்வருக்குள் புகுந்து ரூட் உரிமையைப் பிடித்துவிட்ட ஒருவர், ‘ஆடிட்சிடிஎல்’-க்குப் பக்கத்தில் பெரிய எழுத்து டி-யைப் போட்டால் போதும், எல்லா விதியும் ஒரே நொடியில் காலி. அதற்கப்புறம் அவர் செய்வது எதுவும் பதிவாகாது. சிஐஎஸ் பெஞ்ச்மார்க், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்டிக் போன்ற கடினப்படுத்தல் வழிகாட்டிகள் இந்தப் பூட்டைக் கேட்பது இதனால்தான். எங்களிடம் கேட்டது ஒரு வாடிக்கையாளரின் சரிபார்ப்புப் பட்டியல். அதில் ஒரே வரிதான் இருந்தது: “தணிக்கை அமைப்பு மாறா நிலையில் இருக்க வேண்டும்.” வரி சின்னது என்பதால் ஒரு மாலை வேலை என்று நினைத்து ஆரம்பித்தேன்.

விதிகளை எழுதியதில் பெரிய சிக்கல் இல்லை. பயனர், கடவுச்சொல், குழு, சூடூயர்ஸ் (யார் ரூட்டாகலாம் என்ற பட்டியல்) கோப்புகள், கணினி நேரத்தை மாற்றும் அழைப்புகள், கர்னல் மாட்யூல் (கர்னலோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்) ஏற்றுவது, இறக்குவது, மவுன்ட் (ஒரு சேமிப்பை அடைவாக இணைப்பது), தணிக்கை அமைப்பின் சொந்தக் கோப்புகள். சிஸ்டம் கால் விதி ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டும், 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று. இரண்டிலும் அழைப்பு எண்கள் வேறு வேறு. 64-க்கு மட்டும் எழுதினால், 32 பிட்டில் தொகுத்த ஒரு சின்ன நிரல் விதிக்குச் சிக்காமல் நழுவிப் போய்விடும்.

விதிகளை ஒரே கோப்பில் குவிக்காமல், ஈடிசி அடைவுக்குள் ஆடிட், அதற்குள் ரூல்ஸ்.டி என்ற அடைவில் 10, 30, 50 என்று எண் போட்ட கோப்புகளாகப் பிரித்து வைப்பது வழக்கம். கடைசியாக 99 என்று தொடங்கும் ஒரு கோப்பு. அதில்தான் ‘-ஈ 2’ என்ற பூட்டு வரி உட்கார்ந்திருக்கும். ‘ஆஜென்ரூல்ஸ்’ என்ற ஸ்கிரிப்ட் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி கர்னலுக்கு அனுப்பும். பூட்டு வரியை நாம் எந்தக் கோப்பில் வைத்தாலும் அதைத் தேடி எடுத்துக் கடைசி வரியாகப் போடுவது அந்த ஸ்கிரிப்டின் நல்ல குணம். ஸ்கிரிப்டை விட்டுவிட்டுக் கையால் ஒரே கோப்பில் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. பூட்டு வரிக்குக் கீழே தப்பித் தவறி ஒரு விதி வந்தாலும் அது ஏறாது.

விதிகளை ஏற்றினேன், பூட்டினேன், 2 என்று பார்த்தேன். ரீபூட்டுக்குப் பின் 1.

முதலில் தணிக்கை டெமன் (பதிவுகளை வாங்கி எழுதும் பின்னணி நிரல்) ஓடுகிறதா என்று பார்த்தேன். சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பச்சை நிறத்தில் ‘ஆக்டிவ்’ என்றது. விதிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். அங்கேதான் முதல் துப்பு கிடைத்தது: விதிகள் பாதியில் நின்றிருந்தன. சிஸ்டம்டியின் லாகான ஜர்னலைத் திறந்தால் இரண்டு வரிகள். விதியை அனுப்பும்போது பிழை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்பது ஒன்று; தொகுத்த கோப்பின் 41-ஆவது வரியில் பிழை என்பது இன்னொன்று.

அந்த 41-ஆவது வரி, டேட்டாபேஸ் பேக்கப் இருக்கும் ஓர் அடைவைக் கண்காணிக்கும் விதி. அந்த அடைவு என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாக வேறொரு சர்வரிலிருந்து மவுன்ட் ஆவது. நான் பகலில் கையால் ஏற்றியபோது மவுன்ட் ஏற்கெனவே ஆகியிருந்தது, அடைவு இருந்தது, விதியும் ஏறியது. பூட் ஆகும்போது கதையே வேறு. தணிக்கை டெமன் நெட்வொர்க் எழுவதற்கு முன்பே எழுந்துவிடும், அப்படி எழுவதுதான் சரியும்கூட. அந்த நேரத்தில் மவுன்ட் இல்லை, மவுன்ட் புள்ளிக்கு உள்ளே இருக்கவேண்டிய அடைவும் இல்லை. கர்னல் அந்த விதியை மறுத்தது. ஒரு விதி பிழையானால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவது ஏற்றும் கருவியின் இயல்பு. அதற்குக் கீழே இருந்த விதிகள் எதுவும் ஏறவில்லை. கடைசி வரியான பூட்டும் ஏறவில்லை. பூட்டைக் கடைசியில் வைப்பது சரியான பழக்கம்தான். ஆனால் நடுவில் எது தடுக்கினாலும் முதலில் விழுவது பூட்டு என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

சேவை ஏன் பச்சையாகவே இருந்தது? சேவையை எப்படிக் கிளப்புவது என்று சிஸ்டம்டி-க்குச் சொல்லும் யூனிட் கோப்பைத் திறந்து பார்த்தேன். விதிகளை ஏற்றும் கட்டளைக்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் குறி இருந்தது. இந்தக் கட்டளை தோற்றாலும் பொருட்படுத்தாதே என்று சிஸ்டம்டி-க்கு அதுதான் சொல்கிறது. ஒரு விதி கெட்டதற்காகத் தணிக்கையே ஓடாமல் போகக் கூடாது என்ற எண்ணத்தில் வைத்தது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டெமன் ஓடுகிறதா என்பதை மட்டும் பார்க்கிற கண்காணிப்புத் திரையில் எங்கள் சர்வர் பல நாள் ஆரோக்கியமாகத் தெரிந்திருக்கும். பூட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு நாங்களும் இருந்திருப்போம். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். தணிக்கைக் கருவித் தொகுப்பின் 4-ஆம் பதிப்பு வரிசையிலிருந்து விதி ஏற்றுவதை டெமனிலிருந்து பிரித்துத் தனிச் சேவையாக்கிவிட்டார்கள். அது நல்ல மாற்றம்.

தீர்வாக இரண்டு தெரிவுகள் தென்படும். விதிக் கோப்பில் ‘-ஐ’ போட்டால் பிழைகளை விழுங்கிவிட்டு மேலே போகும், கடைசியில் வெற்றி என்றும் சொல்லும். ‘-சி’ போட்டாலும் மேலே போகும், ஆனால் ஒரு விதி தவறினாலும் கடைசியில் தோல்வி என்றே சொல்லும். தயவுசெய்து ‘-ஐ’ பக்கம் போகாதீர்கள். அதைப் போட்டால் பூட்டு விழும், 2 என்று காட்டும், ஆனால் உள்ளே எந்த விதி இருக்கிறது, எது இல்லை என்பது தெரியாமல் பூட்டியிருப்போம். நான் ‘-சி’ போட்டேன். யூனிட்டில் இருந்த கழித்தல் குறியை ஒரு மேல்சேர்ப்புக் கோப்பு எழுதி எடுத்தேன். அந்த என்எஃப்எஸ் விதியை இந்தச் சர்வரிலிருந்து நீக்கி, கோப்புகள் உண்மையில் இருக்கும் சேமிப்பு சர்வரில் போட்டேன். அதுதான் அதற்கு உரிய இடம். இந்தச் சர்வரின் கர்னல், இந்தச் சர்வர் வழியாகப் போகும் அழைப்புகளைத்தான் பார்க்கும். வேறொரு கிளையன்ட் அதே பேக்கப்பை அழித்தால் இதற்குத் தெரியவே தெரியாது. ஆக, அந்த விதி ஏறியிருந்தாலும் பாதிக் கண்தான்.

மறுபடி ரீபூட். ‘எனேபிள்டு 2’. திங்கட்கிழமை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இதைக் காட்டினேன். பூட்டிய நிலையில் விதிகளை மறுபடி ஏற்றிப் பார்த்தான். தணிக்கை மாறா நிலையில் இருக்கிறது, விதி மாற்றத்துக்கு அனுமதியில்லை என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

“அண்ணா, இதை அந்தக் கட்டளைதானே சொல்லுது? கர்னல் எங்க சொல்லுச்சு?”

நல்ல கேள்வி. ‘ஆடிட்சிடிஎல்’ என்பது ஸ்டீவ் கிரப் ஆண்டுக்கணக்காகப் பராமரித்து வரும் கருவித் தொகுப்பில் ஒரு நிரல். அது விதியை அனுப்புவதற்கு முன் கர்னலின் நிலையைக் கேட்கும். 2 என்று பதில் வந்தால் தானே அந்த வாக்கியத்தை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். கர்னல் வரைக்கும் கோரிக்கை போகவே இல்லை. நாம் பார்த்தது வாசற்காரரின் மறுப்பு. உள்ளே கதவு உண்மையில் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் வாசற்காரரைத் தாண்டிப் போக வேண்டும்.

விர்ச்சுவல் மெஷின் ஒன்றைக் கிளப்பி, அதே விதிகளோடு பூட்டினோம். பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். தணிக்கை அமைப்போடு பேசுவது நெட்லிங்க் சாக்கெட் வழியாகத்தான். தணிக்கைக்கு ஒதுக்கிய நெறிமுறை எண் 9. அதில் 1001 என்ற வகைச் செய்தி, அதாவது நிலையை மாற்றச் சொல்லும் செய்தி. உள்ளே ‘எனேபிள்டு’ புலத்தில் 0. ரூட்டாக இருந்து அனுப்பினோம். திரும்பி வந்த பதில் -1: ‘ஈபெர்ம்’, இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை. இந்த முறை அதைச் சொன்னது கர்னலேதான். லாகில் பார்த்தால் ‘கான்ஃபிக் சேஞ்ச்’ வகைப் பதிவு ஒன்று: புதிய மதிப்பு 0, பழைய மதிப்பு 2, முயன்றவரின் உள்நுழைவு எண், கடைசியில் ‘ரெஸ் 0’, அதாவது நடக்கவில்லை. கேட்டவர் பெயரோடு மறுப்பு எழுதப்பட்டிருந்தது. பையன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது அந்த மாலை நேரம் வீணாகவில்லை என்று தோன்றியது.

அதோடு நிற்காமல் கர்னலின் மூல நிரலையும் திறந்தோம். ‘ஆடிட்.சி’ என்ற கோப்பில், அமைப்பை மாற்றுகிற அழைப்புகள் பலவும் ஒரு சின்னச் சார்பு (ஃபங்ஷன்) வழியாகப் போகின்றன. இருபத்தைந்து வரிகூட இருக்காது. முதலில் நிலை 2-ஆ என்று பார்க்கிறது. ஆம் என்றால் மாற்ற அனுமதி 0. அப்புறம் மாற்றத்தைச் செய்வதற்கு முன்னாலேயே பதிவை எழுதுகிறது. அனுமதி இருந்தும் பதிவை எழுதுவதில் பிழை வந்தால் அனுமதியை ரத்து செய்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் மதிப்பை மாற்றும் வரி வருகிறது. பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் சாவி கொடுக்க மாட்டேன் என்கிற பழைய ரெக்கார்டு ரூம் ஊழியரைப் போல. கர்னல் நிரல் என்றாலே பயந்து ஒதுங்குபவர்கள் இந்தச் சார்பை ஒருமுறை படியுங்கள், சி மொழி கொஞ்சம் தெரிந்தாலே போதும்.

படிக்கும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லாமே அந்தச் சார்பு வழியாகப் போகவில்லை. டெமனின் செயல் (பிராசஸ்) எண்ணைப் பதிவு செய்யும் பகுதி அதற்கு வெளியே இருக்கிறது. அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பூட்டிய சர்வரில் டெமன் ஒருமுறை விழுந்தால் ரீபூட் வரை எழவே முடியாது. தவறிய பதிவுகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவதும் பூட்டுக்கு வெளியேதான், ஆனால் பூஜ்யமாக்கியது யார் என்று எழுதிவிடும். பூட்டு காப்பது விதிகளையும் முக்கிய அமைப்புகளையும் மட்டுமே. டெமனை ரூட் கொல்லலாம். கொன்றால் பதிவுகள் கர்னல் லாகுக்குத் திரும்பிவிடும். வார் அடைவுக்குள் இருக்கும் லாக் கோப்பை ரூட் அழிக்கவும் அழிக்கலாம்.

அப்புறம் ஒரு ஓட்டை. இதை நான் எந்த வழிகாட்டியிலும் படித்ததில்லை, நிரலைப் படித்துத்தான் சந்தேகம் வந்தது. ஒரு கோப்பைக் கண்காணிக்க விதி போட்டால், அந்தக் கோப்பு இருக்கும் அடைவின் மேல் கர்னல் ஒரு கண் வைத்துக்கொள்கிறது. கோப்பை அழித்து அதே பெயரில் புதிதாக வைத்தாலும் விதி தொடர்ந்து வேலை செய்வது அதனால்தான். சரி, அந்த அடைவையே அழித்தால், பெயர் மாற்றினால்? கண் வைத்த இடமே போய்விட்டதால் கர்னல் அந்த விதியைத் தானாகக் கழற்றிவிடுகிறது. பூட்டு போட்டிருக்கிறதா என்று அந்த இடத்தில் அது கேட்பதில்லை.

நம்ப முடியாமல் விர்ச்சுவல் மெஷினில் செய்து பார்த்தேன். எஸ்ஆர்வி-க்குக் கீழே ஓர் அடைவு, அதில் ஒரு கோப்பு, அதற்கு ஒரு விதி, பிறகு பூட்டு. நிலை 2. அடைவின் பெயரை ‘எம்வி’ போட்டு மாற்றினேன். விதிகளைப் பட்டியலிட்டேன். ஒன்று குறைந்திருந்தது. நிலை அப்போதும் 2. பெயரைப் பழையபடி மாற்றினாலும் விதி திரும்பி வரவில்லை. பூட்டியிருப்பதால் என்னாலும் சேர்க்க முடியவில்லை. லாகில் ‘ரிமூவ் ரூல்’ என்று ஒரு பதிவு, பாதையோடும் நாம் கொடுத்த குறிச்சொல்லோடும், ‘ரெஸ் 1’ என்று.

இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். இல்லாத அடைவைப் பிடித்துக்கொண்டு கர்னல் தொங்க முடியாது. ஆனால் 2 என்று காட்டுவதால் விதிகள் முழுசாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றே இரண்டு காரியம் செய்தேன். பயன்பாட்டுக் கோப்புகளுக்கான விதிகளில் எது, அடிக்கடி மாற்றி வைக்கப்படும் அடைவுகளைச் சார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய அடைவின் பெயரை மாற்றிவிட்டுப் புதியதை அங்கே வைக்கும் வழக்கம் கொண்டது. அந்த ஸ்கிரிப்ட் ஓடிய ஒவ்வொரு முறையும் ஒரு விதி சத்தமில்லாமல் கழன்றிருக்கும். அதற்குப் பதிலாக, மாறாமல் இருக்கும் மேல் அடைவில் அடைவு விதியாகப் போட்டேன். இரண்டாவது, ‘ரிமூவ் ரூல்’ என்ற சொல் லாகில் எங்கே வந்தாலும் எச்சரிக்கை.

இந்த நேரத்தில் உள்நுழைவு எண்ணையும் பூட்டலாம் என்று ஆசை வந்தது. ஒருவர் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வழியாக உள்ளே வரும்போது அவருடைய பயனர் எண் ‘லாகின் யுஐடி’ என்று அவர் செயலின் மேல் ஒட்டப்படும். அப்புறம் அவர் சூடூ போட்டு ரூட்டாக மாறினாலும் அந்த எண் கூடவே வரும். நாளைக்கு யார் செய்தது என்று கேட்டால் பதில் சொல்வது அதுதான். ஆனால் ரூட் நினைத்தால் தன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை மாற்றிக்கொள்ள முடியும். ‘லாகின்யுஐடி இம்மியூட்டபிள்’ என்ற தெரிவைப் போட்டால் ஒருமுறை ஒட்டிய எண் ஒட்டியதுதான். இந்தத் தெரிவுக்குத் தனிப் பூட்டு உண்டு. நிலை வரியில் ‘1 லாக்டு’ என்று காட்டும்.

போட்டு இரண்டாம் நாள் சிக்கினேன். ஓர் எஸ்எஸ்எச் பிரச்சினையை ஆராய, வேறொரு போர்ட்டில் எஸ்எஸ்எச் டெமனை என் டெர்மினலிலிருந்தே கையால் கிளப்பினேன். அதன் வழியாக உள்ளே வர முயன்ற சக ஊழியருக்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு உடனே அறுந்தது. அரை மணி நேரம் சாவிக் கோப்பு, உரிமைகள், செலினக்ஸ் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். விஷயம் எளிது. என் டெர்மினலிலிருந்து பிறந்த டெமன் என் உள்நுழைவு எண்ணைச் சுமந்துகொண்டிருந்தது. சக ஊழியர் உள்ளே வரும்போது உள்நுழைவைக் கையாளும் பாம் மாட்யூல் அந்த எண்ணை அவருடையதாக மாற்றப் பார்த்தது. ஒட்டியதை மாற்றக் கூடாது என்று கர்னல் மறுத்தது. அந்த மாட்யூல் கட்டாயம் என்று அமைத்திருப்பதால் உள்நுழைவே முறிந்தது. சிஸ்டம்டி வழியாகக் கிளப்பினால் இது வராது. முதல் செயலிலிருந்து பிறப்பதால் எண் இன்னும் ஒட்டாத நிலையில், அதாவது 4294967295 என்ற மதிப்பில் இருக்கும். தெரிவை எடுக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். எந்தச் சேவையையும் டெர்மினலிலிருந்து நேராகக் கிளப்பக் கூடாது என்று குழுவுக்குச் சொல்லிவிட்டேன். கன்டெய்னர்கள் ஓடும் சர்வர்களில் மட்டும் இன்னும் போடவில்லை, அங்கே வேறு சிக்கல்கள் வரும் என்று கையேடே சொல்கிறது.

அடுத்து, பூட்டையே கர்னலின் நினைவகத்தில் போய் மாற்றினால் என்ன செய்வது? நிலை என்பது ஒரு மாறி. மாட்யூல் ஏற்ற முடிந்த ரூட்டுக்கு அந்த மாறியை எட்டுவது பெரிய காரியம் இல்லை. அதனால் மாட்யூல் கதவையும் சாத்த வேண்டும். எங்களுக்கு எந்த மாட்யூல்கள் வேண்டுமோ அவை பூட் ஆன கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். அதற்கப்புறம் ‘மாட்யூல்ஸ் டிஸேபிள்டு’ என்ற கர்னல் அமைப்பின் (சிஸ்சிடிஎல்) மதிப்பை 1 ஆக்கிவிடுகிறேன். இதுவும் ஒருவழிப் பாதை, ரீபூட் வரை 0 ஆகாது. கூடவே ‘கேஎக்ஸெக்’ வழியாக வேறொரு கர்னலை ஏற்றுவதையும் அதே மாதிரி அடைத்தேன். 2019 இறுதியில் வந்த 5.4 கர்னலிலிருந்து ‘லாக்டவுன்’ என்ற பாதுகாப்புப் பகுதி முதன்மை நிரலிலேயே இருக்கிறது. பூட் வரியில் (பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் வரி) அதை ‘இன்டெக்ரிட்டி’ நிலையில் வைத்தால், கையொப்பமில்லாத மாட்யூல், நினைவகத்தை நேராக எழுதும் வழிகள் ஆகியவை அடைபடும். பிஎஸ்டி என்ற இயக்க முறைமைக் குடும்பத்தினர் ‘செக்யூர்லெவல்’ என்று ஓர் எண்ணை வைத்து, உயர்த்தலாம், தாழ்த்த முடியாது என்ற இதே யோசனையைப் பல காலமாகச் செய்து வருகிறார்கள்.

பூட் வரியைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு சேர்க்கைகளையும் சொல்லிவிட வேண்டும். ‘ஆடிட்=1’ என்று போடாவிட்டால், தணிக்கை எழுவதற்கு முன்பே பிறந்துவிட்ட செயல்கள் விதிக்குள் வராமல் போகலாம். இன்னொன்று, எழுதப்படக் காத்திருக்கும் பதிவுகளின் வரிசை நீளம். கர்னல் இயல்பாக வைப்பது 64 பதிவுகள். பூட் நேர நெரிசலுக்கு அது காணாது. 8192 என்று வைத்தேன்.

இந்த வரிசை நீளமும் பூட்டுக்குள் அடக்கம் என்பதை விர்ச்சுவல் மெஷினில் வேண்டுமென்றே சோதித்தேன். டேட்டாபேஸ் அடைவில் கோப்பு திறப்பது ஒவ்வொன்றையும் பதிவு செய்யும் ஒரு சத்தக்கார விதியைப் போட்டுப் பூட்டிவிட்டு, சுமையைக் கொடுத்தேன். சில நிமிடத்தில் வரிசை நிறைந்தது. ‘பேக்லாக் லிமிட் எக்சீடட்’ என்று கர்னல் கத்தத் தொடங்கியது. வரிசையில் இடம் கிடைக்கும் வரை செயல்கள் காத்து நின்றன. ஒவ்வொன்றும் இயல்பாக 60 வினாடி வரைகூட நிற்கலாம். சாதாரணமாக ஒரு கட்டளை தட்டினால் எட்டுக் கோப்பு காட்டும் அடைவு, பதில் தர முழு நிமிடம் எடுத்தது. விதியை எடுக்க முடியாது. வரிசையை நீட்ட முடியாது. மின்சாரத்தைப் பிடுங்குவது போல மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. உற்பத்திச் சர்வரில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. அதனால் எங்கள் நடைமுறை இப்போது இப்படி: புதிய விதி எதுவானாலும் இரண்டு வாரம் பூட்டில்லாமல், 1-இல் ஓட வேண்டும். அதில் ஒரு மாதக்கடைசிக் கணக்கு முடிக்கும் நாளும் வர வேண்டும், ஏனென்றால் எங்கள் சர்வர்களுக்கு உண்மையான சுமை அன்றைக்குத்தான். தவறிய பதிவுகளைக் காட்டும் ‘லாஸ்ட்’ எண் 0-விலேயே நின்றால் மட்டும் பூட்டுக்குள் போகும்.

பதிவை எழுதவே முடியாமல் போனால் கர்னல் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. 0 என்றால் பேசாமல் இரு, 1 என்றால் லாகில் சொல், 2 என்றால் கணினியையே நிறுத்து. ஸ்டிக் 2 கேட்கிறது. எங்கள் வாடிக்கையாளரின் பட்டியலில் அது இல்லை, நான் 1 வைத்தேன்.

சர்வர்களை அமைக்க நாங்கள் பயன்படுத்தும் ஆன்சிபிளிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. விதிக் கோப்பு மாறினால் உடனே ஏற்றிவிடும்படி அதன் பழைய பிளேபுக் (கட்டளைத் தொகுப்பு) எழுதியிருந்தது. பூட்டிய சர்வரில் அது அர்த்தமில்லாதது. இப்போது நிலை 2 என்றால் கோப்பை மட்டும் மாற்றி, ரீபூட் பாக்கி என்று ஒரு குறிப்பை விட்டுவிட்டுப் போகும். ரீபூட் பாக்கியுள்ள சர்வர்களின் பட்டியல் வியாழக்கிழமை கூட்டத்தில் வரும்.

லாக்குகள் எல்லாம் வேறொரு சர்வருக்கு உடனுக்குடன் போகின்றன. இயல்பான அமைப்பில் டெமன் 8 எம்பி வீதம் 5 கோப்புகள்தான் வைத்துக்கொள்ளும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விடுத்த ஆணைப்படி இந்தியாவில் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால், எப்படியும் அனுப்பத்தான் வேண்டியிருந்தது. அந்த லாக் சர்வருக்கு, எங்கள் சர்வர்களில் ரூட் உள்ள யாருக்கும் நுழைவு இல்லை.

அந்த லாக் சர்வரில்தான் கடைசித் துண்டு ஓடுகிறது. ஒரு சர்வரிலிருந்து ‘சிஸ்டம் பூட்’ பதிவு வந்தால் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடம் காத்திருக்கும். அதற்குள் நிலை 1-இலிருந்து 2-க்குப் போனதாக, ‘ரெஸ் 1’ என்று முடியும் பதிவு வர வேண்டும். அந்தப் பதிவில் உள்நுழைவு எண் 4294967295 ஆக இருக்க வேண்டும், அதாவது பூட்டியது பூட் வரிசையேதான், பின்னால் வந்து கையால் பூட்டிய மனிதர் யாரும் இல்லை. கூடவே ஏறிய விதிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். எது தவறினாலும் பணியில் இருப்பவரின் போன் அடிக்கும். யாரும் திட்டமிடாத ரீபூட் என்றால், எல்லாம் சரியாக இருந்தாலும் அடிக்கும்.

போன சனிக்கிழமை ஆறு சர்வர்களை வரிசையாக ரீபூட் செய்தோம். ஐந்து சரி. ஆறாவதுக்குப் பையனின் போன் அடித்தது. விதிகளில் ஒன்று குறைவு. அந்தச் சர்வரில் அந்தப் பயன்பாட்டையே போன மாதம் நீக்கியிருந்தோம், அடைவு இல்லை. ‘-சி’ போட்டிருந்ததால் பூட்டு விழுந்திருந்தது, சேவை சிவப்பில் இருந்தது. விதியை எடுத்து மறுபடி ரீபூட் செய்து, பதிவு வருவதைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினோம். பாக்கி இருப்பது, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவுக்குக் கடவுச்சொல். கன்சோலில் உட்கார்ந்து பூட் வரியில் ‘ஆடிட்=0’ என்று திருத்தக்கூடிய ஒருவருக்கு மேலே சொன்ன எதுவும் தடையில்லை. அது அடுத்த பராமரிப்பு நாளுக்கு வைத்திருக்கிறேன்.